மெய்நிகர் கணினிகளின் சேமிப்பகச் செயல்திறன் கொள்கை

ஒரே சர்வரில் இயங்கும் பல மெய்நிகர் கணினிகள் வட்டைப் பயன்படுத்துவதைப் பங்கிடும் விதி சேமிப்பகச் செயல்திறன் கொள்கை எனப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் வினாடிக்குக் குறைந்தது எத்தனை கோரிக்கைகள், அதிகபட்சம் எத்தனை என்பதை அது வரையறுக்கிறது.

பின்னணி

மெய்நிகர் கணினி 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவானது. 1972-ல் விஎம்/370 வெளிவந்தது. செயலியைப் பங்கிடுவது எளிது, வட்டு அப்படியல்ல. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்வட்டு, சிதறிய கோரிக்கைகளில் வினாடிக்கு ஏறத்தாழ நூறைத்தான் நிறைவேற்றும். ஒரு மெய்நிகர் கணினி காப்புநகல் எடுக்கத் தொடங்கினால் மற்றவை காத்துக் கிடக்கும். தலைமடைக்காரர் மடையைத் திறந்தே வைத்தால் கடைமடை காய்வதைப் போன்றது இது. ஏரிப் பாசன ஊர்களில் முறை பார்த்து நீர் விட நீர்க்கட்டி இருந்தார். வட்டுக்கு வெகுகாலம் அப்படி யாரும் இல்லை.

கொள்கைகளின் வரவு

2010-ல் விஎம்வேர் தன் விஸ்பியர் 4.1 பதிப்பில் வட்டுப் பங்கீட்டைச் சேர்த்தது. அதே ஆண்டு அஜய் குலாட்டி, ஆரிஃப் மெர்ச்சன்ட், பீட்டர் வார்மன் ஆகியோரின் எம்கிளாக் ஆய்வுக்கட்டுரை, குறைந்தபட்சம், உச்சவரம்பு, விகிதப் பங்கு மூன்றையும் ஒருங்கே காக்கும் வழியை முன்வைத்தது.

மைக்ரோசாஃப்ட் 2013-ல் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வில் இவ்வசதியைத் தந்தது. அதில் உச்சவரம்பு கண்டிப்பானது. குறைந்தபட்சமோ கிடைக்காதபோது எச்சரிக்கை மட்டுமே வரும், பெயரளவு உறுதிமொழிதான். 2016 பதிப்பில் கொள்கைகள் சர்வர் தொகுதியில் மையமாக வைக்கப்பட்டன.

சோதிக்கும் நிரல்கள்

பல சர்வர்களில் பரவிய நூற்றுக்கணக்கான வட்டுகளைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது நடவாத காரியம். ஜெஃப்ரி ஸ்னோவர் 2002-ல் முன்மொழிந்து 2006-ல் வெளியான பவர்ஷெல் இங்கு உதவியது. 2009-ல் வந்த இரண்டாம் பதிப்பு தொலைவிலிருந்தும் கட்டளையிட வழிசெய்தது. ஏற்காட்டில் உள்ள சர்வரைப் பார்க்க 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டியதில்லை, சேலத்திலிருந்தே கேட்கலாம்.

கெட்-ஸ்டோரேஜ்கியூஓஎஸ்ஃப்ளோ என்னும் கட்டளை ஒவ்வொரு மெய்நிகர் வட்டின் நிலையையும் வரிசையிடும். எண்ணிக்கையைப் படிக்கும்போது கவனம் தேவை. கணக்கு 8 கிலோபைட் அலகில் நடப்பதால் 64 கிலோபைட் கோரிக்கை ஒன்று எட்டாக எண்ணப்படும்.

உறுதியளித்த குறைந்தபட்சம் கிடைக்காவிட்டால் 'போதிய வேகமில்லை' என்ற பொருளில் நிலை வரும். 'அறியாத கொள்கை எண்' என்பது இதைவிட நுட்பமான சிக்கல். மெய்நிகர் கணினியின் அமைப்பில் கொள்கை எண் இருக்கும், அந்தக் கொள்கை சேமிப்பகத்தில் இருக்காது. அதே பெயரில் புதிதாக உருவாக்கினால் எண் வேறாகிவிடும் என்பதால், பழைய எண்ணைக் குறிப்பிட்டே கொள்கையை மீண்டும் உருவாக்க வேண்டும்.