பிடியரிசியும் மனைப்பட்டாவும்: சென்னை மேற்குப் புறநகர்த் திருச்சபைகளின் கொடை மரபு

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவைப்பது தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் பழைய வழக்கம். கலயம் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். அரிசியை விற்ற காசு உபதேசியாரின் சம்பளத்துக்கோ, ஆதரவற்ற விதவையின் கஞ்சிக்கோ உதவும். திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் இது இருந்தது. மிசோரம் சபைகளில் 1910இல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் அங்கே பெரிய வருவாய். காஞ்சி மடமும் பின்னாளில் பிடியரிசித் திட்டம் என்ற பெயரிலேயே ஒன்றை நடத்தியது. ஆகவே இதை ஒரு மதத்தின் தனிச்சொத்தாகப் பேச வேண்டியதில்லை. இதில் கவனிக்க வேண்டியது வேறு: பிடியரிசியைக் கொடுக்கிறவள், அதைப் பெறுகிறவளைவிடப் பெரிதாக வசதி படைத்தவள் இல்லை. இன்று அடுத்தவளுக்குக் கொடுத்தவள், நாளை புருஷன் காய்ச்சலில் விழுந்தால் அதே கலயத்தை எதிர்பார்ப்பாள்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தின் புராட்டஸ்டண்ட் சபைகளை வைத்து இக்கட்டுரை ஒன்றைச் சொல்ல முயல்கிறது. கொடுப்பவர் யார் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. அது மாறியபோதெல்லாம் எது தர்மம், எது நீதி என்ற கணக்கும் கூடவே மாறியது.

இந்தப் பகுதியைப் புறநகர் என்று பேசுவதே சமீபத்திய பழக்கம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் திருவள்ளூருக்குப் போனது. அப்போது இவையெல்லாம் செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிப்பாசனக் கிராமங்கள். பூவிருந்தவல்லியில் மட்டும் வெள்ளைச் சிப்பாய்களின் கண்டோன்மென்ட் இருந்தது. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆகும்வரை ஆவடியின் வரலாறு செங்கல்பட்டின் வரலாறுதான். செங்கல்பட்டின் வரலாறோ மிராசு முறையின் வரலாறு.

மிராசு முறையில் ஊர் நிலத்தின் உரிமை மிராசுதாரர் குடும்பங்களின் கையில். நஞ்சை புஞ்சை மட்டுமில்லை, தரிசும் அவர்கள் பிடியில்தான். வெளியாள் ஒருவர் தரிசைக் கேட்டு தர்க்காஸ்து மனுப் போட்டால், முதலில் மிராசுதாரரைக் கேட்பார்கள். அவர் தமக்கே வேண்டும் என்றால் அவருக்குத்தான் முன்னுரிமை. சேரியில் குடிசை நிற்கும் மண்ணும் பெரும்பாலும் அவருடையதுதான். பண்ணையாளான படியாள், கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். நிலமில்லாதவன் என்ற சொல் இவனுடைய நிலையைக் குறைத்தே சொல்கிறது. படுக்கும் இடத்துக்கும் அவன் பிறர் தயவில் இருந்தான்.

1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு சேரிகளிலிருந்து பெரும் எண்ணிக்கையில் மக்கள் சபைகளில் சேர்ந்தார்கள். அரிசிக் கிறிஸ்தவர் என்ற ஏளனம் புழக்கத்தில் இருந்த காலம் அது. கஞ்சித்தொட்டிக்காக வந்தவர்கள் என்பது அதன் பொருள். ஏளனம் செய்தவர்கள் அரிசி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயிற்று என்பதைப் பாதிதான் பார்த்தார்கள். பஞ்சம் தீர்ந்த பிறகு அதே சேரிப் பெண்களின் கலயத்திலிருந்து ஒரு பிடி கோயிலுக்குப் போனதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இங்கேதான் வில்லியம் கவுடி வருகிறார். ஷெட்லாந்துத் தீவுகளில் பிறந்த வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரி அவர். 1880களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டை மையமாக வைத்து வேலை செய்தார். மருத்துவமனை, பெண்பிள்ளைகளுக்கு விடுதி, லேஸ் பின்னல் பயிற்சி என்று ஈக்காட்டில் நடந்தவை மிஷன் வரலாறுகளில் எளிதாகக் கிடைக்கும். அதே காலத்தில் செங்கல்பட்டுப் பக்கம் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ இருந்தார். அரசிடம் தரிசு நிலம் பெற்று மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பை உண்டாக்கியவர் இவர். இருவரும் அனுபவத்தில் கண்டது ஒன்றே. பள்ளிக்கூடம் வைக்கலாம், மருந்து கொடுக்கலாம். ஆனால் படிக்க வந்த பிள்ளையின் அப்பனை ஊரார் மனையிலிருந்து கிளப்பிவிட்டால் பள்ளியும் இல்லை, சபையும் இல்லை. ஆகவே மனையை வாங்கிக் கொடுப்பது, தரிசுக்கு மனு எழுதிக் கொடுப்பது, அந்த மனுவின் பின்னாலேயே தாலுகா கச்சேரிக்கு நடப்பது என்று வேலையின் வடிவம் மாறியது. பறையர்களும் நிலமும் என்ற பொருளில் கவுடி எழுதவும் செய்தார்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், ஜில்லாவின் பறையர் நிலை பற்றிய தம் அறிக்கையை அரசுக்குக் கொடுத்தார். சென்னை மிஷனரி மாநாடும் அந்த ஆண்டுகளில் அரசுக்கு விண்ணப்பம் அனுப்பியது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010 எண் அரசாணை இவற்றின் விளைவு. ஒடுக்கப்பட்டோருக்கு அரசு ஒதுக்கிய, பஞ்சமி நிலம் என்று இன்று பேசப்படுவதன் வேர் அங்கே இருக்கிறது. மாகாணம் முழுக்கப் பிரித்துக் கொடுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இன்னார்க்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனைகள் பின்னாளில் ஆணைகளாக வந்து சேர்ந்தன.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையை வெள்ளைக்காரப் பாதிரிகள் கொண்டுவந்த விடியலாக எழுதும் பழக்கம் சபை மலர்களில் உண்டு. அயோத்திதாசரின் திராவிட மகாஜன சபை 1891இல் நீலகிரியில் கூடித் தன் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றியது. செங்கல்பட்டு ஜில்லா மண்ணிலேயே பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். மக்கள் கேட்காத ஒன்றை மிஷன் தூக்கிக்கொண்டு வரவில்லை. மிஷனிடம் இருந்தது ஆங்கிலம் எழுதத் தெரிந்த கை. கலெக்டர் பங்களாவின் முன்வாசல் வழியே போகும் வசதியும் இருந்தது.

சபையின் பொருளாதாரத்துக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சர்ச் மிஷனரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) ஹென்றி வென், சுதேசத் திருச்சபை தன் செலவைத் தானே தாங்க வேண்டும் என்று கொள்கை வகுத்துவிட்டார். வெஸ்லியன் மரபில் இது இன்னும் ஆழம். அவர்களுடைய வகுப்புக் கூட்டம் என்ற சிறு குழுவே 1742இல் பிரிஸ்டல் நகரில் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி திரட்டும் ஏற்பாடாகத்தான் பிறந்தது. ஆத்தும விசாரணை அதில் பிறகு ஏறியது. ஆனால் மனை சொந்தமில்லாதவன் தாராளமாகக் காணிக்கை போட முடியாது. ஆண்டையின் களத்தில் அளந்து வாங்கிய தானியத்திலிருந்து கோயிலுக்குக் கொடுத்தால், மறு வாரம் அளவு குறையும் என்ற பயம் அவனுக்கு. திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸ் 1830இல் ஏற்படுத்திய தர்ம சங்கம் இதை முன்பே கண்டுகொண்டிருந்தது. சபையாரின் பணத்தைத் திரட்டி நிலம் வாங்கி, துரத்தப்பட்டவர்களைக் குடியேற்றுவதே அதன் வேலை. தர்மம் என்ற சொல் அங்கே பிச்சையைக் குறிக்கவில்லை, மனையைக் குறித்தது. அறுபது ஆண்டு கழித்துச் செங்கல்பட்டு ஜில்லாவில் நடந்ததும் அதே பொருளில்தான்.

1919க்குப் பிறகு ஒடுக்கப்பட்டோர் நலனுக்கென அரசே அதிகாரி வைத்து மனைகளை வாங்கித்தரத் தொடங்கியதும் சபைக்கு அந்த வேலை குறைந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானது. ஈக்காடும் செங்கல்பட்டும் ஒரே மறைமாவட்டத்தின் கீழ் வந்தன.

அந்த ஆண்டுகளில்தான் ரயில் பாதை ஓரத்து ஊர்கள் முகம் மாறத் தொடங்கின. 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. சோஷலிச பாணி சமுதாயம் என்ற காங்கிரஸ் தீர்மானம் 1955 ஆவடி மாநாட்டில்தான் நிறைவேறியது. 1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை அமைந்தது. வேலைக்காக வந்தவர்களில் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கணிசம். தங்கள் ஊரின் அசனப் பந்தி, சங்கக் காணிக்கை ரசீது, பெண்கள் ஐக்கிய சங்கம் எல்லாவற்றையும் அவர்கள் தகர டிரங்குப் பெட்டியோடு சேர்த்தே கொண்டுவந்தார்கள் என்று சொல்லலாம்.

கொடுப்பவர் இப்போது மாதச் சம்பளக்காரர். அறுப்பின் பண்டிகையில் இந்த மாற்றம் பளிச்சென்று தெரியும். முன்பு சொந்தக் கொல்லையில் காய்த்த பூசணியும் வளர்த்த சேவலும் பலிபீடத்தின் முன் வந்தன. இன்று பூசணி கோயம்பேட்டிலிருந்து வருகிறது. வாங்கிய விலையைப்போல் பத்து மடங்குக்கு ஏலம் போகிறது. ஏலம் கேட்பவருக்கும் அது தெரியும், கூறுபவருக்கும் தெரியும். கழனி இல்லாதவனுக்கு விளைச்சல் என்பது சம்பளமும் போனஸும்தான். பூசணி ஒரு சாக்கு. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஏலத்தில்தான் பல சபைகளின் கட்டட நிதி நிறைந்தது.

ஆனால் உதவியின் வடிவம் குறுகியது. பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம், கிறிஸ்துமஸுக்குப் புடவை, மாதம் ஒரு முறை மருத்துவ முகாம். கொடுப்பவர் ஒருபுறம், வாங்குபவர் எதிர்ப்புறம், நடுவில் புகைப்படக்காரர். நிலம், மனை, கூலி என்ற சொற்கள் சபைக் கூட்டக் குறிப்புகளிலிருந்து மெல்ல நழுவின. 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின், நகரமும் குடிசைப் பகுதியும் திருச்சபையின் அக்கறைக்குள் வர வேண்டும் என்று வற்புறுத்தியவர். குடிசை மாற்று வாரியம் 1970இல் அமைந்தது அவருடைய காலத்தில்தான். நகர அளவிலான சமூகப் பணிக்குச் சபைகளுக்குப் பெரும் பணம் வெளிநாட்டுச் சங்கங்களிடமிருந்து வந்தது. உள்ளூர்க் காணிக்கை கோயிலைக் கட்டியது, வெளிநாட்டுப் பணம் சமூகத்தைப் பார்த்துக்கொண்டது. இந்தப் பிரிவினை நல்லதாக முடியவில்லை என்பது என் கருத்து. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல் வந்து, 2010இல் புதிதாக எழுதப்பட்டு, 2020 திருத்தத்தில் இறுகியது. பெற்ற நிதியை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றத் தடை. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதமாக இருந்த வரம்பு 20 ஆனது. சமூகப் பணி மறுபடி உள்ளூர்க் காணிக்கைத் தட்டின் முன் வந்து நின்றது.

நீதி என்ற சொல் சபைக்குள் திரும்பிய பாதை வேறு. 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதி உரிமைகளை இழந்தனர். அந்த நாளைக் கருப்பு தினமாகச் சபைகள் அனுசரிக்கின்றன. 1980களில் இறையியலாளர் ஏ. பி. நிர்மல் தலித் இறையியலை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி அதற்கு ஒரு களம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் ஜே. தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில், ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதே திருவிருந்தின் உட்பொருள் என்று வாதிட்டார். பிடியரிசி உலைக்கு முன் எடுக்கப்படுவது. அப்பாவு உலையையே பொதுவாக்கச் சொன்னார். தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரும் தீர்மானத்தைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் நிறைவேற்றியது. ஆனால் தீர்மானத்தை வரவேற்று அறிக்கை விடும் சபையில், கல்லறைத் தோட்டமும் கமிட்டித் தேர்தலும் சாதிக் கணக்கின்றி நடக்கின்றனவா என்ற கேள்வி தொடர்கிறது. பஞ்சமி நிலத்துக்கான குரலும் ஓயவில்லை. 1994 அக்டோபர் 10 அன்று காரணை ஊரின் பஞ்சமி நிலப் போராட்டத்தை ஒட்டிச் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தனர்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கொடைக்கு வேறொரு நாணயம் புழக்கத்துக்கு வந்தது: உடலுழைப்பு. செம்பரம்பாக்கம் ஏரி திறந்த நாட்களில் சென்னையெங்கும் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கதவு திறந்தன. அண்டா ஏற்றிச் சமைத்தவர்களும் இடுப்பளவு நீரில் பொட்டலம் சுமந்தவர்களும் பெரும்பாலும் வாலிபர் சங்க வயதுக்காரர்கள். வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் இடையிலிருந்த தூரம் சில நாட்களுக்குக் காணாமல் போனது, ஏனென்றால் இருவர் வீட்டிலும் தண்ணீர். சில நாட்கள் கழித்து, நீரில் போன ஆவணங்களுக்கு நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், பட்டா. அங்கே தேவைப்பட்டது அரிசி இல்லை. படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பித் தரும் ஒரு கை. தர்க்காஸ்து மனு எழுதிக்கொடுத்த பழைய உபதேசியார் செய்த வேலை அது.

பிறகு கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அத்திப்பட்டு, கூடப்பாக்கம் போன்ற மேற்குக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தன. கான்கிரீட் சுவரும் மாடியும் உண்டு. பழைய வேலை இருந்த தெரு பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளியும் அங்கேயே நின்றுவிட்டது. டிசம்பரில் அருகிலுள்ள சபைகள் கேக்கும் புடவையும் எடுத்துக்கொண்டு அங்கே போகின்றன. வீட்டுக்குக் கிரயப் பத்திரம் எப்போது கையில் வரும் என்று அந்தப் பெண்கள் கேட்கிறார்கள்.