கார்லோவாட்ஸ்: கோட்டையாகப் பிறந்து சந்தையாக வளர்ந்த ஊர்

குரோஷியா என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கால்பந்தும் கடற்கரையும்தான். அந்நாட்டின் உட்பகுதியில், தலைநகர் ஜாக்ரெப்புக்குத் தென்மேற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் கார்லோவாட்ஸ் என்ற பழைய நகரம் இருக்கிறது. கூபா, கோரானா, மிரெஷ்னிட்சா, டோப்ரா என நான்கு ஆறுகள் பாயும் பகுதி இது.

கோட்டை

16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் துருக்கியரின் படைகள் குரோஷியாவுக்குள் முன்னேறி வந்தன. அவர்களைத் தடுக்க ஆஸ்திரிய இளவரசர் இரண்டாம் கார்ல், 1579 ஜூலை 13 அன்று இங்கே கோட்டை கட்டும் பணியைத் தொடங்கி வைத்தார். ஊருக்கும் அவர் பெயரே அமைந்தது. ஆறு முனை கொண்ட நட்சத்திர வடிவில் மதில், அதைச் சுற்றி அகழி, உள்ளே நேர்நேரான தெருக்கள் என எல்லாமே திட்டமிட்டுக் கட்டப்பட்டன. இந்தக் கோட்டையைத் துருக்கியரால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.

1699ல் துருக்கியருடன் கார்லோவிட்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த ஊர் இதுவல்ல. அது இன்றைய செர்பியாவில் உள்ளது.

சந்தை

போர் அபாயம் குறைந்ததும் வணிகம் வளர்ந்தது. சமவெளிகளில் விளைந்த தானியம் டான்யூப், சாவா ஆறுகள் வழியாகவும், பிறகு கூபா ஆற்றிலும் படகில் வந்தது. கார்லோவாட்ஸுக்கு மேலே பெரிய படகுகள் போக முடியாது. அங்கிருந்து கடலுக்கு மலைகளைத் தாண்ட வேண்டும். ஆகவே சரக்கு முழுவதும் இங்கே இறக்கப்பட்டு, கிடங்கில் வைக்கப்பட்டு, வண்டிகளில் ஏற்றப்பட்டது. கரோலினா, யோசெஃபினா, லூயிசியானா என்ற மூன்று மலைச்சாலைகள் ஊரைத் துறைமுகங்களோடு இணைத்தன. படகுக்காரர், சுமைகூலி, வண்டிக்காரர், கிடங்கு உரிமையாளர் என அனைவருக்கும் பிழைப்பு கிடைத்தது. 1781ல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு இதற்குச் சுதந்திர அரச நகரம் என்ற தகுதியை அளித்தார்.

ரயில்

1865ல் ஜாக்ரெப்பிலிருந்து ரயில் வந்தது. அப்போது கார்லோவாட்ஸ்தான் அந்தப் பாதையின் கடைசி நிலையம். சரக்கு இங்கே இறங்கித்தான் ஆக வேண்டும். 1873ல் அதே பாதை ரியெகா துறைமுகம் வரை நீண்டது. அதன்பின் சரக்கு இறங்காமலே ஊரைக் கடந்து போனது. படகும் வண்டியும் வேலை இழந்தன. பீரங்கிகளால் முடியாததை ஒரு ரயில் பாதை செய்துவிட்டது.

இன்று

1991 முதல் 1995 வரை நடந்த போரில் ஊர் மீண்டும் எல்லைக்கோட்டில் நின்றது. துரான் பகுதியில் அதற்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு. பழைய அகழிகள் இப்போது பூங்காக்கள். 1854ல் தொடங்கிய மதுபான ஆலையின் பீர் நாடெங்கும் விற்கிறது.

கார்லோவாட்ஸ் பொருளை விளைவித்துச் செல்வம் சேர்க்கவில்லை; பொருள் கைமாறும் இடமாக இருந்து சேர்த்தது. பாதை மாறியதும் அந்த வருமானமும் போயிற்று. சந்திப்பு நிலையத்தை மட்டும் நம்பி வாழும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.