ஃபாரடே எழுதிவைத்த தோல்வி

நான் பி.காம். ஆசாமி. நாக்பூரில் வங்கி உத்தியோகம், வராக்கடன் பட்டியலோடு தினம் மல்லுக்கட்டு. அதனாலேயோ என்னவோ, இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

காந்தம் ஒளியை மாற்றுமா? கண்ணாடிக்குள் போகும் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் என்று மைக்கேல் ஃபாரடே 1845-லேயே காட்டிவிட்டார். சுடரின் நிறத்தையும் மாற்றுமா என்று 1862 மார்ச்சில் சோதித்தார். ஒன்றும் தெரியவில்லை. அதையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அவருடைய கடைசிச் சோதனை அதுதான்.

ஹாலந்தின் லைடன் நகரில் பீட்டர் சீமனும் அதையே முயன்று, தோற்று, விட்டுவிட்டார். பிறகுதான் ஃபாரடேயின் தோல்வியைப் படித்தார். 'அவரே முயன்றிருந்தால் விஷயம் இருக்கும்' என்று நல்ல கருவியோடு மறுபடி இறங்கினார். 1896-ல் சோடியத்தின் மஞ்சள் கோடுகள் காந்தத்தில் அகன்றன. சோடிய ஆவி ஒளியை விழுங்குவதால் விழும் கருங்கோடுகளும் அப்படியே! 1902-ல் லோரன்ஸோடு நோபல் பரிசு.

அதே கேள்வியை இப்போது கிராஃபீனிடம் கேட்கிறார்கள். ஓரணு தடிமன் கரித்தாள், வெள்ளொளியில் 2.3% விழுங்கும். மின்னழுத்தம் கொடுத்தால் அகச்சிவப்பில் ஒரு பகுதியை விழுங்காமல் விட்டுவிடும். வலுவான காந்தப்புலத்தில் எலெக்ட்ரான்களின் ஆற்றல் படிப்படியாகப் பிரிந்து, குறிப்பிட்ட சில அலைநீளங்களையே பொறுக்கி விழுங்கும்.

வராக்கடனைத் தள்ளுபடி செய்தாலும் நாங்கள் கணக்கைக் கிழித்துப் போடுவதில்லை. ஃபாரடேயின் கடன் 34 வருஷம் கழித்து வட்டியோடு வந்தது. வாங்கிக்கொள்ள அவர்தான் இல்லை, 1867-லேயே போய்விட்டார்.