கண்ணாடியை உடைத்து வந்த ஜீப்பும் அதன் பெட்ரோல் டேங்க்கும்

1992 ஜனவரி, டெட்ராய்ட் கார் கண்காட்சி. அரங்கத்தின் படிகளில் ஏறி, முகப்புக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு சிவப்பு ஜீப் உள்ளே வந்து நின்றது. ஓட்டியவர் கிரைஸ்லர் நிறுவனத்தின் பாப் லட்ஸ். பக்கத்து சீட்டில் டெட்ராய்ட் மேயர் கோல்மன் யங். ஜீப் கிராண்ட் செரோக்கி இப்படித்தான் உலகத்துக்கு அறிமுகமானது. தோல் சீட், வி8 இன்ஜின் எல்லாம் வைத்து, "காட்டிலும் ஓடும், கிளப்புக்கும் போகும்" என்று பணக்காரக் குடும்பங்களிடம் விற்ற வண்டி.

இந்த வண்டியின் கதையை நான் எழுதக் காரணம் இன்ஜின் இல்லைங்க. பின்னால் இருந்த பெட்ரோல் டேங்க்!

முதலில் சின்னச் சின்ன வியாதிகள். 1999-க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறை வண்டியில் முன் பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ளும், பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கும். ஏசி காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் கதவு உள்ளே உடைந்துவிடும். ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் அனல் :) 2000, 2001-ல் வந்த சில 4.0 லிட்டர் இன்ஜின்களில் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். இதெல்லாம் பர்ஸுக்கு மட்டும் ஆபத்து.

டேங்க் விஷயம் அப்படி இல்லை. 1993 முதல் 2004 வரை வந்த மாடல்களில் அது பின் அச்சுக்கும் பின் பம்பருக்கும் நடுவே இருந்தது. பின்னாலிருந்து வேறு வண்டி வேகமாக மோதினால் முதலில் நசுங்கும் இடம் அதுதான். டேங்க் கிழிந்தால் பெட்ரோல் கொட்டும், ஒரு பொறி போதும். எழுபதுகளில் ஃபோர்டு பின்டோ காரில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதை. 1978-ல் ஃபோர்டு அதைத் திரும்ப அழைத்தது. அந்தப் பாடம் இருந்தும் டேங்க் அதே இடத்துக்கு வந்தது. 2005 மாடலில்தான் அச்சுக்கு முன்னால் நகர்த்தினார்கள்.

2009-ல் ஒரு நுகர்வோர் அமைப்பு மனு கொடுத்தது. 2010-ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரணை தொடங்கியது. 2013 ஜூன் மாதம், தீப்பிடித்த விபத்துகளில் 51 பேர் இறந்ததாகச் சொல்லி, கிராண்ட் செரோக்கியும் லிபர்ட்டியும் சேர்த்து 27 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொன்னது. கிரைஸ்லர் முடியாது என்றது! அந்தக் காலத்துச் சட்டப்படிதான் செய்தோம் என்பது அவர்கள் வாதம். அது பொய்யும் இல்லை. அன்றைய பின்மோதல் சோதனை மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில்தான். 80 கிலோமீட்டர் என்று உயர்த்தும் விதி 2003-ல்தான் வந்தது.

இரண்டே வாரத்தில் சமரசம். 15.6 லட்சம் வண்டிகளுக்கு மட்டும் ரீகால். 1999-2004 கிராண்ட் செரோக்கிக்கு 'ரீகால்' என்ற பெயரே இல்லை, வாடிக்கையாளர் சேவை என்று வேறு பெயர். ரீகால் வண்டிகளுக்கான தீர்வு? டேங்க்கை நகர்த்தவில்லை. பின்னால் டிரெய்லர் இழுக்கும் இரும்புக் கொக்கியைப் பொருத்தினார்கள். குறைந்த, நடுத்தர வேக மோதலில் அது கொஞ்சம் தாங்கும். அதிவேக மோதலுக்கு அது பதில் இல்லை. அந்த வேலையும் மெதுவாகத்தான் நடந்தது. 2015-ல் ரீகால்களைச் சரியாக நடத்தாததற்காக நிறுவனத்துக்கு 10.5 கோடி டாலர் அபராதத் தண்டனை. பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்குச் சந்தை விலைக்கு மேல் கொடுத்து மாற்றிக்கொள்ளவும் ஒப்புக்கொண்டது.

காமர்ஸ் படிப்பவன் கண்ணுக்கு இங்கே வேறொன்று தெரிகிறது. ஜீப்பை வடிவமைத்தது பழைய கிரைஸ்லர். 1998-ல் அது டெய்ம்லரோடு சேர்ந்தது, 2007-ல் பிரிந்தது, 2009-ல் திவாலாகி ஃபியட் கைக்குப் போனது. கம்பெனியின் முதலாளி மாறிக்கொண்டே இருந்தார், வண்டியின் முதலாளியும்தான். புதிதாக வாங்கியவர் பணக்காரர். பதினைந்து வருஷம் கழித்து அதே வண்டியைச் சல்லிசாக வாங்கியவர், வேறு வண்டிக்குக் காசில்லாதவர். ரீகால் கடிதம் வரும்போது ஸ்டியரிங் பிடித்திருந்தவர் இவர்தான். அமெரிக்கச் சட்டம் அன்று இலவசப் பழுதுநீக்கத்தைப் பத்து வருஷ வண்டி வரைதான் கட்டாயமாக்கியிருந்தது. 2015-ல்தான் அது பதினைந்து ஆனது. வண்டியின் விலை குறையக் குறைய அதைச் சரிசெய்யும் கடமையும் குறைகிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் உயிரின் விலையை மட்டும் எந்தத் தேய்மானக் கணக்கில் எழுதுவது?

உங்களுக்கு என்ன தோன்றுகிறது நண்பர்களே? சொல்லுங்கள், பேசுவோம்.