மானேஜரின் நீலக் கழுத்தணி

நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில், எகிப்திலிருந்து வந்த ஒரு கழுத்தணி இருக்கிறது. மார்பை மறைக்கிற மாதிரி அரைவட்டமாக விரியும் நீலப்பச்சை மணிகள். வயது? ஏறக்குறைய 4,000 வருடங்கள்!

அணிந்திருந்தவர் ஏதோ பாரோ மன்னர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பெயர் வாஹ் (பாராட்டு இல்லை, பெயரே அதுதான்!). மெகெத்ரே என்கிற பெரிய அதிகாரியின் நிலபுலன்களைக் கவனித்துக்கொண்ட மானேஜர். முப்பது வயது வாக்கில் இறந்துபோனார். தீப்ஸ் நகருக்கு எதிரே, முதலாளியின் கல்லறை வளாகத்திலேயே ஒரு ஓரமாகச் சின்ன அறை ஒதுக்கி அடக்கம் செய்தார்கள்.

முதலாளியின் சவ அறையைத் திருடர்கள் சூறையாடிவிட்டார்கள். மானேஜரின் அறை தப்பித்தது. 1920-ல் வின்லாக் என்ற ஆய்வாளரின் குழு அதைக் கண்டுபிடித்தது. மம்மி நியூயார்க் போய்ச் சேர்ந்தது. பல வருடங்கள் அது வெறும் துணிப்பொதிதான். 1930-களில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், உள்ளே நகைகள்! சுற்றுச் சுற்றாகத் துணியைப் பிரித்தபோது, நகைகளோடு ஒரு எலியும் பல்லியும்கூட வந்தன. மம்மி கட்டின அன்றைக்கு மாட்டிக்கொண்டவை, பாவம்!

சரி, அந்த நீல மணி என்ன கல்? கல்லே இல்லை. ஃபையான்ஸ்! வெண்கல் பொடியையோ மணலையோ எடுத்து, கொஞ்சம் சுண்ணாம்பு, உவர் உப்பு, செம்புத் தாது சேர்த்துப் பிசைந்து மணியாக உருட்டுவார்கள். காயும்போது உள்ளேயிருக்கிற உப்பு தானாகவே மேலே பூத்துப் படியும். சூளையில் வைத்தால் அந்தப் படிவுதான் உருகிப் பளபளப்பாகும். நீலம், செம்பின் உபயம்.

'அப்படின்னா கவரிங் நகையா?' என்று கேட்கத் தோன்றும். நிஜ நீலக்கல் ஆப்கானிஸ்தானிலிருந்தும் பச்சைநீலக்கல் சினாயிலிருந்தும் வரவேண்டும். ஃபையான்ஸ் மலிவு என்பது உண்மைதான். ஆனால், தங்கத்துக்குக் குறைவில்லாத துட்டன்காமன் கல்லறையிலும் ஃபையான்ஸ் நகைகள் கிடைத்தன! எகிப்தியர்கள் அதற்கு வைத்த பெயரின் அர்த்தமே 'மின்னுவது'. நீலப்பச்சை அவர்களுக்குத் துளிர்க்கிற பயிரின் நிறம், மறுபிறப்பின் நிறம். செத்தவருக்கு வேண்டியது அந்த நிறமும் மினுமினுப்பும். கல்லின் விலை அல்ல.

வாஹிடம் வெள்ளியில் செய்த வண்டுத் தாயத்து ஒன்றும் இருந்தது. அதில் அவர் பெயரோடு, முதலாளி மெகெத்ரேயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்.