சமக்குறி இல்லாத கால்குலேட்டர்

1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் எச்பி-35 என்ற கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சட்டைப் பைக்குள் அடங்கிய முதல் அறிவியல் கால்குலேட்டர் அது. விலை 395 அமெரிக்க டாலர். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர், அதன் 35 விசைகளில் எங்கு தேடினாலும் சமக்குறி கிடைக்காது. அடைப்புக்குறியும் இல்லை!

ஏன் இப்படி? விடை காண அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். போலந்து நாட்டுத் தர்க்க அறிஞர் யான் வூகாசியேவிச், 1924-இல் அடைப்புக்குறியே தேவைப்படாத ஓர் எழுத்து முறையை வகுத்தார். செயற்குறியை முன்னால் போடுவது அவர் வழி. தர்க்க வாக்கியங்களைச் சுருக்கி எழுதுவதே அவர் நோக்கம். கணக்குப் பொறி அல்ல. குறியைப் பின்னால் வைத்தால் கணினிக்கு எளிது என்பதை 1957-இல் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் சார்ல்ஸ் ஹாம்ப்ளின். அவரும் தத்துவம் கற்பித்தவர்தான். அன்றைய கணினிகளுக்கு நினைவகம் மிகக் குறைவு. இடையில் வரும் விடைகளை எங்கே வைப்பது என்பதே பெரிய தலைவலி. அதற்குக் கிடைத்த மருந்துதான் அடுக்கு.

உணவுக் கடையில் அடுக்கி வைத்த தட்டுகளை எண்ணிப் பாருங்கள். கடைசியாக வைத்ததே முதலில் கைக்கு வரும். 3-உடன் 4-ஐக் கூட்டி, 5-உடன் 6-ஐக் கூட்டி, இரண்டையும் பெருக்க வேண்டுமா? 3-ஐத் தட்டி 'என்டர்' விசையை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அடுத்து வரும் 4 ஒட்டிக்கொண்டு 34 ஆகிவிடும். பிறகு 4, கூட்டல். மேலிருந்த இரண்டு எண்களும் மறைந்து 7 நிற்கும். 5-ஐத் தட்டியதும் 7 தானாக அடியில் போய்விடும். என்டர், 6, கூட்டல், 11 வரும். பெருக்கலை அழுத்தினால் 77. இடைவிடையைத் தாளில் குறிக்கும் வேலையே இல்லை. அடுக்கில் நான்கு எண்களுக்குத்தான் இடம். ஐந்தாவது வந்தால் அடியில் உள்ளது தொலைந்து போகும். அதனால் சிக்கலான கணக்கை உள்ளிருந்து தொடங்குவதே வழக்கம்.

இதற்கு 'தலைகீழ் போலந்து முறை' என்று பெயர். ஆனால், யாருக்குத் தலைகீழ்? "மூன்றையும் நான்கையும் கூட்டு" என்கிறது தமிழ். எண்கள் முன்னே, வினை கடைசியில். ஜப்பானிய மொழியிலும் வினை இறுதியில்தான் வரும். எண்களுக்கு நடுவே குறியைப் போடும் பழக்கம் ஐரோப்பியக் கணித நூல்களிலிருந்து வந்தது. நம் பிள்ளைகள் வாயால் ஒரு வரிசையிலும் கையால் வேறொரு வரிசையிலும் கணக்குப் போடுவது அதனால்தான்.

சந்தை மட்டும் வேறு பக்கம் சாய்ந்தது. 1974-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் எஸ்ஆர்-50 கால்குலேட்டரைச் சமக்குறியோடு வெளியிட்டது. பள்ளிகளில் நிலைத்தது அந்த வழியே. ஹியூலெட்-பேக்கார்ட் 1981-இல் நிதித் துறைக்கென எச்பி-12சி கால்குலேட்டரைக் கொண்டு வந்தது. பல பத்தாண்டுகள் விற்பனையில் நின்ற அந்தக் கருவியிலும் சமக்குறி இல்லை.