நிறைவாக வாழ்வோம்

ஆங்கிலத்தில் 'அபண்டன்ட்லி' என்றொரு வினையடை உண்டு. மிகுதியாக, ஏராளமாக, நிறைவாக என்பது அதன் பொருள். மழை ஏராளமாகப் பெய்தது, மரம் மிகுதியாகக் காய்த்தது என்று சொல்லும்போது இச்சொல் பயன்படும். 'க்ளியர்' என்பதோடு சேர்ந்தால், ஐயத்துக்கு இடமின்றித் தெளிவானது என்று பொருள்படும்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'உண்டா' என்றால் அலை. 'அபுண்டாரே' என்றால் பொங்கி வழிதல். எனவே பாத்திரம் நிரம்புவதோடு இதன் பொருள் முடிவதில்லை. விளிம்பைத் தாண்டி வழியவும் வேண்டும்.

நல்ல ஆயனாம் இயேசு தாம் வந்த நோக்கத்தைக் கூறும் யோவான் 10:10-ல், 1582-ல் ரைம்ஸ் நகரில் வெளியான கத்தோலிக்க ஆங்கிலப் புதிய ஏற்பாடும், 1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் பதிப்பும் இச்சொல்லையே கையாண்டன. நமது திருவிவிலியத்தில் அது 'நிறைவாக' என்று உள்ளது. மூலக் கிரேக்கச் சொல்லான 'பெரிஸ்ஸோன்' தேவைக்கு மேற்பட்டதை, எஞ்சி நிற்பதைக் குறிக்கும்.

இதே வேரிலிருந்து பிறந்த சொற்கள் நற்செய்தியில் வேறு இடங்களிலும் வருகின்றன. மிகுதியான உடைமை ஒருவருக்கு வாழ்வு தராது என்று லூக்கா 12:15-ல் இயேசு எச்சரிக்கிறார். மாற்கு 12:44-ல் செல்வர்கள் தங்களிடம் மிகுதியாக இருந்ததிலிருந்து காணிக்கை போட்டார்கள். ஏழைக் கைம்பெண்ணோ தம் பிழைப்புக்கு உரியதையே போட்டுவிட்டார். யோவான் 6-ல் ஐயாயிரம் பேர் உண்டபின் எஞ்சிய துண்டுகள் பன்னிரண்டு கூடைகளை நிரப்பின. அவை வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னவர் இயேசுவே.

அன்பார்ந்தவர்களே, நிறைவாழ்வு என்றதும் பணம், வீடு, பதவி என்றே நாம் எண்ணிவிடுகிறோம். கடனும் நோயும் வாட்டும்போது, 'ஆண்டவர் சொன்ன நிறைவு நமக்கு இல்லையோ?' என்று கலங்குகிறோம். வினையடை செயலைத் தழுவி வரும் சொல் என்பதை நினைவில் கொள்வோம். நாம் எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதல்ல, எவ்வாறு வாழ்கிறோம் என்பதே கேள்வி. இரண்டு காசு மட்டுமே வைத்திருந்த கைம்பெண்தான் எல்லாரையும்விட மிகுதியாகக் கொடுத்தவர் என்று இயேசு பாராட்டினார்.

நம் வீட்டில் எஞ்சுவது எது? உணவா, உடையா, நேரமா, ஓர் ஆறுதல் சொல்லா? அது யாரிடம் போய்ச் சேருகிறது? சிந்திப்போம். பெற்றதைப் பிறருக்கு வழியவிட்டு நிறைவாக வாழ இறையருள் வேண்டுவோம்.